அமுக்கராப் பாலும் நைலான் கயிறும்

என் வீட்டுக்காரருக்கு அலுப்பு என்றால் வியாசர்பாடி ஹவுசிங் போர்டே உச்சுக்கொட்டும். எனக்கு அலுப்பு என்றால், "உனக்கின்னாமே, ஃபேனுக்கடில நின்னுகினு வேல செய்ற" என்பார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தோலுக்குப் பசை தடவுகிறேன். ஃபேன் இருப்பது உண்மைதான். பசை நாற்றத்தை வாரிக்கொண்டுவந்து என் மூக்கில் கொட்டத்தான் அது இருக்கிறது. நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போய், சாயங்காலமானால் சோற்றுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு புருஷனைத் தேடிப் போவேன். வீட்டில் இருந்தால் எதற்குத் தேடப் போகிறேன்? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், டிரெய்லர் வரிசையில் எங்கேயாவது நின்றுகொண்டிருப்பார்.

இது இரண்டாயிரத்து எட்டில் நடந்தது. என் பெயர் அன்புக்கரசி, அவர் பெயர் செங்குட்டுவன். ஒரே மகளை மணலி புதுநகரில் கட்டிக்கொடுத்துவிட்டோம், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். மணலிப் பக்கம் குடோனில் பெட்டியை ஏற்றினால் ராயபுரத்தில் ஹார்பர் கேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தூரம் என்று பார்த்தால் சைக்கிளில் போய்விடலாம். ஆனால் வரிசை எர்ணாவூர் வரைக்கும் நிற்கும், சில வாரம் எண்ணூர் வரைக்கும் நிற்கும். ஒரு வண்டி நீளம் நகரும், அப்புறம் நிற்கும். மறுபடி ஒரு வண்டி நீளம். ராத்திரி பகல் கிடையாது. கேட்டுக்குள் போய்ச் சேர ரெண்டு நாளும் ஆகும், மூணு நாளும் ஆகும். பெட்டியை இறக்கிவிட்டு வந்தால் மறுபடி வாலில் போய் நிற்க வேண்டும்.

முன்பெல்லாம் வண்டிக்கு ஒரு கிளீனர் இருப்பான். டிரைவர் கண்ணயர்ந்தால் அவன் முழித்திருப்பான். முதலாளிகள் கிளீனரை நிறுத்திவிட்டார்கள். அப்போ டிரைவர் எப்போது தூங்குவது என்று கேட்டால், தூங்கக் கூடாது, அவ்வளவுதான். முன்வண்டி நகர்ந்து நீ நகரவில்லை என்றால் அந்தச் சந்தில் பக்கத்து வண்டிக்காரன் மூக்கை நுழைத்துவிடுவான். அவன் பின்னாலேயே இன்னும் நாலு பேர் நுழைவார்கள். அப்புறம் அடிதடி, ஆத்தா அப்பா என்று வசவு.

அதற்கு அவர்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். காசிமேட்டில் வலைக்குப் போடுகிற நைலான் கயிறு. ஒரு முனையை முன்வண்டியின் பின்பக்கக் கொக்கியில் கட்டுவார்கள். மறுமுனையை ஜன்னல் வழியே உள்ளே இழுத்து மணிக்கட்டில் சுருக்குப் போட்டுக்கொண்டு சீட்டிலேயே சாய்ந்துவிடுவார்கள். முன்வண்டி நகர்ந்தால் கயிறு கையைச் சுண்டும். முழித்து, பிரேக்கை எடுத்து, பின்னாலேயே நகர்ந்துவிட்டால் கயிறு மறுபடி தொய்ந்துவிடும். மறுபடி சாயலாம்.

"இன்னாய்யா இது, மாட்ட கட்டிவெச்ச மாரி" என்று முதல் தடவை பார்த்தபோது கேட்டேன்.

"மாடுன்னா ராவுல தூங்க உட்ருவாங்கமே" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரிசையில் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவேதான் ஊரே ரோட்டைத் தாண்டும். மீன் கூடைக்காரிகள், தண்ணிக் குடத்தோடு போகிற பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோரும் அந்தச் சந்துக்குள்தான் புகுந்து வருவார்கள். எர்ணாவூர்ப் பக்கம் ஒரு பெரியவர் அப்படி நடுவே மாட்டிச் செத்துப்போனார். அந்த டிரைவர் இன்னும் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருக்கிறார். அன்றையிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். இந்த மனுஷன் தூக்கக் கலக்கத்தில் யார் மேலாவது ஏற்றிக் கொன்றுவிடுவார், அதற்கப்புறம் அவரும் உயிரோடு இருக்க மாட்டார். வேலையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போதுகூட இந்த நினைப்புத்தான் வரும்.

முன்வண்டி எப்போதும் தேசப்பன் அண்ணனுடையதாகத்தான் இருக்கும். ஒரே முதலாளி, ஒன்றாகவே குடோனிலிருந்து கிளம்புவார்கள். அவர்தான் சொன்னார். "அமுக்கரா கெயங்கு பொடி வாங்கி பால்ல கலக்கி அடி மாமு. குதிர மாரி நிப்ப." அவரே ஒரு மாசம் சாப்பிட்டாராம், முதுகுவலி போயிற்றாம். இவர் உடனே பிடித்துக்கொண்டார். நான் கத்துவது காதில் ஏறாது, தேசப்பன் சொன்னால் அது சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் அய்யாத்துரை அண்ணாச்சியின் நாட்டு மருந்துக் கடைக்குப் போனோம். தெற்கத்திக்காரர், கல்லாவை விட்டு அசைய மாட்டார், ஆனால் கேள்வி மட்டும் போலீஸ்காரர் மாதிரி கேட்பார்.

"யாருக்கு?"

"எங்க ரெண்டு பேருக்குந்தான் அண்ணாச்சி" என்றேன். எனக்கும்தானே அலுப்பு?

"மாத்திரை ஏதும் சாப்புடுதீயளா?"

"நான் தைராய்டுக்குப் போட்றேன். காலீல வெறும் வயித்துல."

"அப்ப உங்களுக்குக் கிடையாதும்மா. அந்த மாத்திரையோட இது சேந்தா நெஞ்சு படபடன்னு அடிக்கும்பாவ. டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, தாரேன்." அப்படியே என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு? சுகர், பிரஷர், வேற எதுக்கும் மாத்திரை?"

"ஒண்ணியும் கெடியாது நைனா."

நான் அவர் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். ஹார்பர் கரித்தூளிலும் மண்தூளிலும் இந்த மனுஷனுக்கு மூக்கு குழாய் மாதிரி ஒழுகும். அதற்கு மெடிக்கல் ஷாப்பில் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை கேட்டு வாங்கி தினமும் ரெண்டு போடுவார். வருஷக்கணக்காகப் போடுகிறார்.

"மூக்குக்குப் போட்றியே, அத்த சொல்லு" என்று காதில் சொன்னேன்.

"அத்த போய் மாத்திரன்னுகினு. கம்முனு இருமே."

அண்ணாச்சி அதற்குள் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். "அரை ஸ்பூன் போதும். ராத்திரி படுக்கப் போறப்ப, வெதுவெதுன்னு பால்ல. பலம் வேணும்னு அள்ளிப் போடாதீங்க, மருந்துன்னா மருந்துதான். ஒரு மண்டலம் சாப்பிட்டு நிறுத்திப் பாருங்க. வயிறு கலக்கினாலோ கண்ணு மஞ்சளா தெரிஞ்சாலோ அன்னைக்கே நிறுத்திரணும், என்னா?"

இவர் தலையை ஆட்டின வேகத்தில் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்ன எனக்கு மருந்து கிடையாது. பொய் சொன்னவருக்குப் பொட்டலம். வயிறு எரிந்தது எனக்கு.

வரும் வழியில் கேட்டேன். "படுக்கப் போறப்போ குடிக்கணும்னு சொன்னாரு. நீ எப்போய்யா படுக்கிற? ராவுல வண்டியதான இஸ்துகினு போற?"

"ராத்திரின்னு சொன்னாரா இல்லியா? ராத்திரிக்கு குட்ச்சா முட்ஞ்சிது. படுத்தா இன்னா, குந்தினா இன்னா?"

எங்கள் வீட்டில் ராத்திரி என்றால் வேலை நேரம் என்று ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது. வேறு வீடுகளில் ராத்திரி என்றால் பாயை விரிப்பார்கள் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது போல. நானும் அதற்கு மேல் மல்லுக்கட்டவில்லை. மல்லுக்கட்டத் தெம்பு வேண்டாமா?

பொடி டப்பாவை மட்டும் நான் என்னிடமே வைத்துக்கொண்டேன். அவர் கையில் கொடுத்தால் கரண்டியால் அள்ளிப் போடுகிற ஆள். சாயங்காலம் கம்பெனி விட்டதும் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் போவேன். போன் போட்டு வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு நடப்பேன். கடல் பக்கம் இருதயம்மாள் டீக்கடையில் ஃப்ளாஸ்கில் சூடாகப் பால் வாங்கி, அரை ஸ்பூன் பொடியைப் போட்டுக் குலுக்கி எடுத்துக்கொண்டு வருவேன். வண்டி முன்னே பின்னே நின்றாலும் பால் அந்தக் கடைப் பால்தான்.

"இன்னா அது, மண்ணுவாட வர்து?" என்று இருதயம்மாள் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"குதிர தீனி" என்பேன்.

பொய் சொல்லக் கூடாது, முதல் ரெண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது. முட்டிவலி குறைந்தது என்றார். என் மேல் எரிந்து விழுவது குறைந்தது, அது எனக்கே தெரிந்தது. ஒரு நாள் வண்டியில் உட்கார்ந்து சாப்பிடும்போது, "நீ துன்னியா?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டது எத்தனை தடவை என்று விரல் விட்டுச் சொல்லிவிடுவேன். கிழங்கு வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம்தான் பேஜார் ஆரம்பித்தது. சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே தூங்குவார். வாயில் கவளம் இருக்கும், கண் செருகும். தோளைப் பிடித்து உலுக்கினால், "ம்ம், கெளம்பிட்டேன், கெளம்பிட்டேன்" என்பார்.

தேசப்பன் அண்ணன் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தங்கச்சி, உங்க ஊட்டுக்காரரு சரியில்ல. முன்னல்லாம் கயிறு சுண்டுனா டக்குன்னு எயுந்து பாப்பாரு. இப்போ கண்ணே தொறக்கறதில்ல. கண்ண மூடிகினே வண்டிய எடுக்கறாரு. கண்ணாடில பாத்துட்டு பயந்துட்டேன்."

நேராக இவர் வண்டி ஜன்னலுக்குப் போனேன்.

"பொடிய நிறுத்துய்யா. தூக்கம் அதிகமாய்டுச்சி உனக்கு."

"பைத்தியமா நீ? பலம் பத்தல, அதான் தூக்கம் வர்து. நீ குடுக்கற அர ஸ்பூனு பல்லு வெளக்கக்கூடப் பத்தாது. ரெண்டு ஸ்பூனா போடு."

"குதிர ஆவணும்னா லாயத்துக்குப் போ. நான் போட மாட்டேன்."

"போடாங்காட்டி போ."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டாரே என்று நான் சந்தோஷப்பட்டேன், என் புத்தியை எதால் அடிப்பது? மறுநாளிலிருந்து பாலில் பொடியைக் குறைத்துக் கால் ஸ்பூன் ஆக்கினேன். அப்படியும் தூக்கம் குறையவில்லை. மனுஷனுக்கு வயசாகிவிட்டது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த நாள் தூறலாக இருந்தது. கம்பெனியில் வெள்ளைக்காரன் ஆர்டர் என்று மூச்சுவிடாமல் வேலை வாங்கியிருந்தார்கள். திருவொற்றியூரில் இறங்கும்போதே கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வண்டி டீக்கடைக்கு நேரிலேயே நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வாய் திறந்தபடி சாய்ந்திருந்தார். கயிறு மணிக்கட்டில் கிடந்தது. எழுப்ப மனசு வரவில்லை. சோறு இருந்த ஒயர் கூடையையும் ஃப்ளாஸ்கையும் எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனேன்.

திரும்பி வரும்போது எப்போதும் போல அவர் வண்டிக்கும் தேசப்பன் அண்ணன் வண்டிக்கும் நடுவே புகுந்தேன். அந்தக் கயிறு தொடை உயரத்துக்குத் தொங்கும். தினமும் குனிந்து அதற்கு அடியில் போகிறவள் நான். அன்றைக்குக் குனிய முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. தாண்டிப் போய்விடலாம் என்று காலைத் தூக்கி வைத்தேன். கால் தாண்டிவிட்டது, கையிலிருந்த கூடையின் பிடி கயிற்றில் மாட்டிக்கொண்டது. சனியன் என்று சொல்லி ஒரு இழு இழுத்தேன்.

கூடையை இழுத்ததாக நினைத்தேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மனுஷனின் கையை அல்லவா இழுத்திருக்கிறேன்!

புஸ்ஸென்று காற்று விடும் சத்தம் கேட்டது. பிரேக் எடுக்கும் சத்தம். அது எனக்குத் தெரியும், இத்தனை வருஷம் கேட்ட சத்தம். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். வைப்பர் ஒரு தடவை துடைத்தது. அவர் நேராக உட்கார்ந்திருந்தார். கை கியரில் இருந்தது. கண் மூடியிருந்தது.

பம்பர் என் இடுப்பைத் தொட்டது. நான் கத்தவில்லை. கூடையையும் ஃப்ளாஸ்கையும் விட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் விழுந்தேன். முட்டியும் முழங்கையும் தேய்ந்தன. பின்னால் தகரம் நசுங்கும் சத்தம், கண்ணாடி உடையும் சத்தம், அப்புறம் ரெண்டு வண்டியும் இடித்துக்கொண்ட சத்தம். நான் நின்ற இடத்தில் கேரியர் அப்பளமாகியிருந்தது. பால் பம்பரிலிருந்து வழிந்து சோற்றின் மேல் சொட்டியது.

அந்த இடியில்தான் அவர் முழித்திருக்கிறார். கயிற்றுச் சுருக்கை உருவிவிட்டுக் கதவைத் திறந்து குதித்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பம்பரைப் பார்த்தார், தலையில் கையை வைத்தார்.

"யாரு? யாரு தேசப்பா? யார அட்ச்சிட்டேன்?"

அந்தக் குரலை இதுவரைக்கும் நான் கேட்டதில்லை. நான் பயந்துகொண்டிருந்த நிமிஷம் இதுதான், வந்துவிட்டது, அதற்குள் நானே இருந்தேன்.

"நான்தான்யா" என்றேன் கீழே கிடந்தபடி. "சாவல. இங்க பாரு."

அவர் திரும்பிப் பார்த்தார். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். தேசப்பன் அண்ணன் ஓடிவந்து என்னைத் தூக்கினார். இருதயம்மாள் தண்ணி செம்போடு வந்து, என் வீட்டுக்காரரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டாள். அவர் என் புடவை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளை பிடிக்கிற மாதிரி.

அழுது முடிக்கக்கூட விடவில்லை. முன்னால் வரிசை நகர ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஹாரன், ஒன்றன் பின் ஒன்றாக. "வண்டிய எட்றா டேய்" என்று எவனோ கத்தினான். தேசப்பன் அண்ணன் ஓடிப்போய்த் தன் வண்டியில் ஏறினார். நான் கயிற்றை அவிழ்த்துத் தூர வீசினேன். அப்புறம் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, பழைய காலத்தில் கிளீனர் உட்கார்ந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"ஏறுய்யா. நான் பேசிகினே வரேன். நீ ஓட்டு."

காலடியில் ஏதோ சரசரத்தது. எடுத்துப் பார்த்தால் அண்ணாச்சி கடைப் பொட்டலம். எனக்குத் தெரியாமல் வாங்கியது, பாதி காலி. பக்கத்திலேயே அவருடைய மூக்கு மாத்திரை அட்டை.

"எவ்ளோ துன்ற இத்த?"

"தூக்கம் வரும்போதுல்லாம் ஒரு வாய்" என்றார் ரோட்டைப் பார்த்தபடி. "தண்ணி ஊத்தி முயுங்கிடுவேன். தெம்பு வரும்னுதான்மே."

தூக்கம் வரும்போதெல்லாம் தூக்க மருந்தைத் தின்றிருக்கிறார். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. பொட்டலத்தை ஜன்னல் வழியே வீசினேன். கேட் வரைக்கும் அவர் தொடையைக் கிள்ளிக் கிள்ளி முழிக்க வைத்துக்கொண்டே போனேன்.

பெட்டியை இறக்கியதும் லீவு சொல்லிவிட்டு, அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. அவளுக்கே கண்ணுக்குக் கீழே கருவளையம். மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுவே தூக்கம் வரவைக்கிற மாத்திரைங்க. தினம் ரெண்டா? அதோட அமுக்கராவும் அளவில்லாமச் சாப்பிட்டிருக்கீங்க. அமுக்கரா கெட்டதில்ல, ஆனா அது தூங்கப் போறவங்களுக்கு. வண்டி ஓட்டப் போறவங்களுக்கு இல்ல. கடைல கேட்டப்போ மாத்திரை போடறதைச் சொன்னீங்களா?"

"அது மூக்குக்கும்மா" என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு.

"வாய் வழியா எது போனாலும் சொல்லணும். கஷாயமா இருந்தாலும் சொல்லணும், மாத்திரையா இருந்தாலும் சொல்லணும். பொடிய இப்போதைக்கு நிறுத்திடுங்க. ஈரல் எப்படியிருக்குன்னு ரத்தம் பாத்துக்கலாம். மூக்குக்கு வேற மருந்து எழுதறேன்." எழுதிக்கொண்டே கேட்டாள். "எப்போ தூங்குவீங்க?"

"வண்டி நின்னா."

"வண்டி எப்போ நிக்கும்?"

"முன்னாடி வண்டி நின்னா."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். என்னைப் பார்த்து, "வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லுங்கம்மா" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும் அவளால்? நானும் என்ன சொல்ல முடியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தார். மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்தேன், சாப்பிட்டுவிட்டுப் பாயில் விழுந்தார். பொடியும் இல்லை, பாலும் இல்லை. படுத்ததும் குறட்டை வந்துவிட்டது. நானும் பக்கத்தில் படுத்தேன். இடுப்பில் பம்பர் தொட்ட இடம் கன்றிப்போயிருந்தது, ஒருக்களித்துத்தான் படுக்க முடிந்தது.

கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அண்ணாச்சியிடம் பொய் சொன்னதற்கு, எனக்குத் தெரியாமல் வாங்கித் தின்றதற்கு, கிளீனரை நிறுத்தின முதலாளிக்கு, எல்லோருக்கும் சேர்த்து அவரை எழுப்பி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் படுத்தேன். அவர் கை என் பக்கம் விரிந்து கிடந்தது. மணிக்கட்டில் கயிறு அறுத்த தழும்பு, வளையல் மாதிரி சுற்றிலும் கறுத்திருந்தது. பாவமாக இருந்தது. அதை விரலால் மெல்லத் தொட்டேன்.

அவர் கண் திறக்கவில்லை. இடது கால் பாயை மிதித்தது. கை காற்றில் கியரைத் தேடிப் போட்டது. அப்புறம் வலது கால், மெல்ல, அழுத்தியது.

நான் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் அவர் முன்னால் யாரோ நிற்கிற மாதிரி எனக்கு உடம்பு விறைத்துவிட்டது. கால் இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தது. காதருகே குனிந்து சொன்னேன்.

"முன்னாடி வண்டி இன்னும் நவுரலய்யா. நீ தூங்கு."

கால் தளர்ந்தது. நான் அந்தக் கையைத் தொடாமல் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டேன்.